வாக்கியத்துக்குப் பொருள் உண்டு, வினவலுக்கு?

இணைப்புத் தரவு சேர்க்கும் நிரலாளர்களுக்கும், அறிவு வரைபடங்கள் கட்டும் பொறியாளர்களுக்கும், விக்கித்தரவில் தமிழ்ப் பெயர்களை ஏற்றும் தன்னார்வலர்களுக்கும், இவற்றைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களுக்கும்,

2001 மே மாதம் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லசிலா மூவரும் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மனிதர் படிக்க எழுதப்பட்ட வலைப்பக்கங்களோடு, கணினியும் பொருள் அறிந்து கையாளக்கூடிய ஒரு வலை உருவாகும் என்று அதில் சொன்னார்கள். அதைத்தான் பொருளுணர் வலை என்கிறோம். ஆர்டிஎஃப், ஓடபிள்யூஎல், ஸ்பார்க்கிள், ஷாக்கிள் என்று அதற்கான மொழிகள் ஒவ்வொன்றாக வந்தன. 2012-இல் விக்கித்தரவு தொடங்கியபின், இந்த மொழிகள் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து அன்றாடப் புழக்கத்துக்கும் பழகிவிட்டன. ஆனால் ‘பொருள்’ என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கும் இந்த வலையில், பாதிக்கு மட்டுமே பொருள் எழுதியிருக்கிறோம். தரவில் உள்ள வாக்கியம் எப்போது உண்மை என்று துல்லியமாக வரையறுத்தாயிற்று. அந்தத் தரவின்மேல் நாள் முழுக்க நீங்கள் ஓட்டுகிற வினவல், சரிபார்ப்பு, மாற்றம் ஆகியவற்றின் பொருளோ சில இடங்களில் கருவி செய்தவரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. இவை எல்லாமே நிரல்கள். நிரலுக்குப் பொருள் எழுதும் கலையை நிரல்மொழித் துறை அரை நூற்றாண்டுக்கு மேலாக வளர்த்து வைத்திருக்கிறது. அதை இங்கே கொண்டுவர வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

அந்தத் துறையும் அடிபட்டுத்தான் கற்றது. அல்கால் 60 மொழியின் அறிக்கை, இலக்கணத்தைக் கணிதத் துல்லியத்தோடு எழுதிவிட்டு, பொருளை ஆங்கில உரைநடையில் விளக்கியது. பொருளில் ஐயங்கள் எழுந்தன. 1967-இல் டொனால்ட் நூத், அல்காலில் இன்னும் தீராமல் கிடக்கும் சிக்கல்களைப் பட்டியல் போட்டே வெளியிட்டார். அதே ஆண்டில் ராபர்ட் ஃபிளாய்டும் 1969-இல் டோனி ஹோரும் நிரலைத் தர்க்க வாக்கியங்களால் விளக்கும் வழியைத் திறந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் ஸ்ட்ரேச்சியும் டேனா ஸ்காட்டும் ஒவ்வொரு நிரல் துண்டையும் ஒரு கணிதச் சார்பாகக் காட்டினார்கள். 1981-இல் கார்டன் பிளாட்கின், நிரல் ஓடும்போது எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியையும் விதிகளாக எழுதும் முறையைத் தந்தார். 1990-இல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் எம்எல் வரையறையில் மொழி முழுவதற்கும் அப்படி விதிகள் இருந்தன. இவர்கள் வழிகள் வேறுவேறு என்றாலும் ஒரு கட்டுப்பாடு பொது: முழுமையின் பொருள் பகுதிகளின் பொருளிலிருந்து வர வேண்டும், எந்தப் பகுதிக்கும் பொருள் விடுபடக் கூடாது.

‘ஆர்டிஎஃப்-க்குத்தான் முறையான பொருள்வரையறை இருக்கிறதே’ என்று உங்களில் பலர் சொல்வீர்கள். இருக்கிறது. 1999-இல் வந்த முதல் ஆர்டிஎஃப் பரிந்துரையில் அது இல்லை. அந்தக் குறையை 2004 பிப்ரவரியில் பேட்ரிக் ஹேய்ஸ் தொகுத்த ஆவணம் தீர்த்தது, 2014-இல் அது புதுப்பிக்கப்பட்டது. தர்க்கவியலில் டார்ஸ்கி காட்டிய வழியில் எழுதப்பட்ட அழகான ஆவணம் அது. ஒரு வரைபடம் எந்தெந்த உலகங்களில் உண்மையாகும், ஒரு வரைபடத்திலிருந்து இன்னொன்று எப்போது பெறப்படும் என்பதை அது ஐயமறச் சொல்கிறது. அதைக் குறை சொல்ல வரவில்லை. அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதைத்தான் காட்ட விரும்புகிறேன், அதற்கு ஒரு சின்னத் தரவு போதும். ‘மலருக்கு ஒரு குழந்தை உண்டு’ என்ற மும்மையை, குழந்தைக்குப் பெயர் தராமல் ஒரு வெற்று முனையாக எழுதுங்கள். அதன் கீழே இன்னொரு வெற்று முனையோடு அதே வாக்கியத்தை மறுபடி எழுதுங்கள். ‘யாரோ ஒரு குழந்தை இருக்கிறது’ என்பதை இரண்டு முறை சொன்னாலும் சொன்ன செய்தி ஒன்றுதான். எனவே 2004 ஆவணத்தின்படி ஒரு வரி கொண்ட வரைபடமும் இரண்டு வரி கொண்ட வரைபடமும் பொருளில் சமம். இப்போது மலருக்கு எத்தனை குழந்தைகள் என்று வினவல் மொழியான ஸ்பார்க்கிளில் எண்ணிப் பாருங்கள். முதல் வரைபடம் 1 என்கிறது, இரண்டாவது 2 என்கிறது. இது கருவியின் பிழை அல்ல, தரநிலை அப்படித்தான் செய்யச் சொல்கிறது. பொருளில் சமமான இரண்டு தரவுகளை வினவல் பிரித்துக் காட்டுகிறது என்றால், வினவல் வேறு ஏதோ ஒரு பொருளின் மேல் இயங்குகிறது என்றாகிறது. அந்த வேறொன்றை யாராவது எழுதியாக வேண்டும் இல்லையா?

நல்லவேளையாக, ஸ்பார்க்கிளின் பெரும்பகுதிக்கு எழுதினார்கள். 2006-இல் ஹோர்ஹே பெரெஸ், மார்செலோ அரேனாஸ், கிளாடியோ குட்டியரெஸ் மூவரும், அப்போது வரைவாக இருந்த ஸ்பார்க்கிளுக்கு ஒரு இயற்கணிதத்தை வகுத்தார்கள். அதன் தேவையை ‘ஆப்ஷனல்’ என்ற ஒரே சொல்லில் பார்க்கலாம். ஒரு நூலகத்தின் தரவு: முதல் உறுப்பினர் பெயர் மலர், இரண்டாம் உறுப்பினர் பெயர் கபிலன், கபிலனுக்கு மட்டும் தொலைபேசி எண் இருக்கிறது. வினவல் இது: மலர் என்ற பெயருடைய ‘அ’ யார்? முடிந்தால் கபிலன் என்ற பெயருடைய ‘ஆ’ யாரென்றும் சொல், அதற்குள்ளேயே, முடிந்தால், ‘அ’வின் தொலைபேசி எண்ணையும் சொல். மேலிருந்து கீழாகப் படிக்கும் கருவி முதலில் ‘அ’ மலர்தான் என்று பிடித்துக்கொள்கிறது, பிறகு ‘ஆ’ கபிலன் என்கிறது, மலருக்குத் தொலைபேசி இல்லாததால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுகிறது. விடையில் மலரும் கபிலனும் இருக்கிறார்கள். உள்ளிருந்து வெளியே கணக்கிடும் கருவிக்கு ‘அ’ யாரென்று இன்னும் தெரியாது. உள்ளே இருக்கும் துண்டை மட்டும் பார்க்கும்போது தொலைபேசி உள்ள ‘அ’ கபிலனே. இந்த ‘அ’ வெளியே உள்ள மலரோடு முரண்படுகிறது, எனவே உள்துண்டு முழுவதும் உதிர்ந்துபோகிறது. விடையில் மலர் மட்டும் மிஞ்சுகிறார். ஒரே தரவுக்கும் ஒரே வினவலுக்கும் இரண்டு விடைகள், இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். 2008 ஜனவரியில் வெளிவந்த தரநிலை உள்ளிருந்து வெளியே என்ற இயற்கணித வழியைத் தேர்ந்துகொண்டது. அந்த மூவரின் ஆய்வு இன்னொரு வெளிச்சமும் தந்தது. ஆப்ஷனல் துண்டின் வலப்பக்கத்தில் வரும் மாறி அந்தத் துண்டுக்கு வெளியேயும் வந்தால், அது துண்டின் இடப்பக்கத்திலும் வந்தாக வேண்டும் என்று கட்டுப்படுத்தினால், இந்த இரட்டை விடைக்கே இடமில்லை, கணக்கிடும் சுமையும் குறைகிறது. மேலே சொன்ன வினவல் மீறுவது இந்தக் கட்டுப்பாட்டைத்தான். ஒரு நிரலாளர் தன் வினவலைப் பார்த்தே ‘இது ஆபத்தானது’ என்று கண்டுகொள்ள இப்படி ஒரு விதி போதும். பொருளை எழுதாமல் அந்த விதியைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இரண்டாவது சான்று இன்னும் வலுவானது, ஏனென்றால் அங்கே பொருள்வரையறை ஒரு தரநிலையையே காப்பாற்றியது. ஸ்பார்க்கிள் 1.1-இல் பாதை வினவல்கள் சேர்ந்தன. ‘அறிவார்’ என்ற உறவைத் தொடர்ந்து போனால் ஒருவரிடமிருந்து இன்னொருவரை அடைய முடியுமா என்று ஒரே கோவையில் கேட்கலாம். வரைவில் இருந்த விதி, ஒரே முனையை மறுபடி மிதிக்காமல் போகும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு விடை தரச் சொன்னது. படிக்கும்போது சாதாரணமாகத்தான் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர் ஒருவரையொருவர் அறிந்திருந்தால், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இப்படி 16 வழிகள். பத்துப் பேர் என்றால் 1,09,601 வழிகள். இருபது பேர் என்றால் சுமார் 174 கோடி கோடி வழிகள். ஒரு பேருந்தில் பாதிகூட நிரம்பாத கூட்டத்துக்கு இந்தக் கணக்கு, அதுவும் ‘அடைய முடியும்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தெரிந்துகொள்வதற்கு! 2012-இல் அரேனாஸ், செபாஸ்டியன் கோன்கா, பெரெஸ் மூவரும் அன்றிருந்த கருவிகளை எளிய வினவல்களால் சோதித்து அவை தடுமாறுவதைக் காட்டினார்கள். அதோடு நிற்காமல், குறை கருவிகளில் மட்டும் இல்லை, வரைவு விதியிலேயே இருக்கிறது என்று நிறுவினார்கள். கட்யா லோஸ்மனும் விம் மார்ட்டென்ஸும் அதே ஆண்டில் தனியாக அந்த விதியை அலசினார்கள். 2013 மார்ச்சில் தரநிலை வெளிவந்தபோது, எத்தனை முறை வேண்டுமானாலும் தொடரும் பாதைகளுக்கு வழிகளை எண்ணும் விதி போய், வழி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் விதி வந்திருந்தது. இன்று விக்கித்தரவில் ‘இதன் உட்பிரிவு, அதன் உட்பிரிவு’ என்று எத்தனை படி வேண்டுமானாலும் ஏறிப்போகும் வினவலை நீங்கள் ஒரே குறியீட்டில் எழுதி ஓட்டுகிறீர்களே, அதற்கு வழிவிட்டது இந்தத் திருத்தம்.

எழுதாமல் விட்ட இடங்களில் என்ன நடந்தது? அதே ஸ்பார்க்கிள் 1.1-இல் ‘எக்சிஸ்ட்ஸ்’ என்ற வடிகட்டி இருக்கிறது. வெளியே கிடைத்த வரிசையின் மதிப்புகளை உள்ளே இருக்கும் அமைப்பில் மாறிகளுக்குப் பதிலாக வைத்து, ஏதாவது பொருந்துகிறதா என்று பார் என்று தரநிலை சொல்கிறது. ‘பதிலாக வை’ என்ற சொல் எவ்வளவு பொல்லாதது என்பதை அலோன்சோ சர்ச்சின் லாம்ப்டா கணிதம் வந்த 1930-களிலிருந்தே நிரல்மொழிக்காரர்கள் அறிவார்கள். கட்டுண்ட மாறி எது, கட்டுப்படாத மாறி எது என்று பார்க்காமல் பதிலிட்டால் பொருள் மாறிவிடும் என்பது அங்கே முதல் பாடம். ஸ்பார்க்கிளில் நடந்ததும் அதுதான். உள்ளே ஒரு துணைவினவல் இருந்து, அதில் மாறி மட்டுமே நிற்கக்கூடிய இடம் ஒன்று இருந்தால், பதிலிட்டபின் அங்கே ஒரு எண் வந்து உட்கார்ந்துகொள்ளும், வாக்கியமே இலக்கணத்துக்கு வெளியே போய்விடும். இன்னும் மோசமானது வெற்று முனை. மலரின் பெயரில்லாத குழந்தையை மதிப்பாக எடுத்துக்கொண்டு ‘இந்தக் குழந்தை படிக்கும் பள்ளி ஏதாவது தரவில் உண்டா’ என்று கேட்கிறீர்கள் என்று வையுங்கள். வினவலின் அமைப்புக்குள் வெற்று முனை ஒரு மாறியைப் போலவே நடந்துகொள்ளும். எனவே தரநிலையின் எழுத்துப்படி பதிலிட்டால், கேள்வி ‘யாராவது படிக்கும் பள்ளி ஏதாவது உண்டா’ என்று உருமாறிவிடுகிறது. கேட்டவர் ஒரு குழந்தையைப் பற்றிக் கேட்டார், விடையோ ஊரைப் பற்றி வருகிறது. இந்த ஓட்டையை ஒவ்வொரு கருவியும் தனக்குத் தோன்றியபடி அடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஷாக்கிளின் கதை இதைவிட வெளிப்படையானது. தரவு சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று சோதிக்கும் இந்த மொழி 2017 ஜூலையில் பரிந்துரையானது. ஒரு வடிவம் தன்னையே குறிப்பிட்டால் என்ன பொருள் என்ற கேள்விக்கு, அதை வரையறுக்கவில்லை, கருவி செய்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்தப் பரிந்துரையே சொல்லிவிட்டது. இது ஏதோ ஓரத்தில் கிடக்கும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். ‘நம்பகமான வேறொரு ஆவணம் சான்று தந்திருந்தால் இந்த ஆவணம் நம்பகமானது’ என்ற விதியை எழுத விரும்பாத ஆவணக் காப்பகம் உண்டா? இப்போது இரண்டே ஆவணங்கள். முதலாவது இரண்டாவதற்குச் சான்று தருகிறது, இரண்டாவது முதலாவதற்குத் தருகிறது. வேறு சான்று இல்லை. இரண்டும் நம்பகமானவை என்று வைத்தால் விதி நிறைவேறுகிறது. இரண்டும் நம்பகமற்றவை என்று வைத்தாலும் விதி முரண்படுவதில்லை. ஸ்காட்டும் ஸ்ட்ரேச்சியும் மறுசுழல் நிரல்களுக்குப் பொருள் தந்தபோது எதிர்கொண்ட கேள்வி இதுவே, அதற்கு அவர்கள் கையாண்டது நிலைப்புள்ளி, அதாவது விதியை மறுபடி பொருத்தினாலும் மாறாத விடை, என்ற கருத்து. மிகச் சிறிய நிலைப்புள்ளியைத் தேர்ந்தால், அடித்தளத்திலிருந்து ஆதாரம் வராத எதுவும் நம்பகமில்லை. மிகப் பெரியதைத் தேர்ந்தால், முரண்பாடு வராதவரை எல்லாம் நம்பகம். இரண்டும் செம்மையான கணிதம்தான், ஆனால் ஒரு போலிச் சான்றிதழ் வலையைப் பிடிக்க வேண்டியவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

விதியில் ‘அல்ல’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் நிலைமை இன்னும் சிக்கலாகும். ‘தனக்கு அறிமுகமானவர்களில் நடுநிலை மதிப்பீட்டாளர் எவரும் இல்லாதவரே நடுநிலை மதிப்பீட்டாளர்’ என்று எழுதி, ஒருவரையொருவர் அறிந்த இருவரை உள்ளே விடுங்கள். இவர் நடுநிலை என்றால் அவர் இல்லை, அவர் நடுநிலை என்றால் இவர் இல்லை. எதைத் தேர்வது? 2018-இல் ஜூலியன் கோர்மன், ஹுவான் ரியூட்டர், ஓக்னியென் சாவ்கோவிச் மூவரும் சுழல் வடிவங்களுக்கு முறையான பொருள் ஒன்றை எழுதி, அப்படிச் சோதிப்பது பொதுவாக எவ்வளவு கடினம் என்பதையும் காட்டினார்கள். தர்க்க நிரலாக்கத்தில் ஏற்கெனவே விளைந்திருந்த கருத்துகளைக் கொண்டு வேறு சிலர் மாற்று வரையறைகளைத் தந்தார்கள். ஷாக்கிளின் உடன்பிறப்பு போன்ற ஷெக்ஸ் மொழியோ இந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டு, சுழற்சிக்குள் ‘அல்ல’ வரக் கூடாது என்று தடைபோட்டு, பெரிய நிலைப்புள்ளியைத் தேர்ந்துகொண்டது. அந்தத் தேர்வு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் தேர்ந்ததை எழுதிவைத்திருக்கிறார்கள், அதை எதிர்த்து வாதாடலாம். எழுதப்படாத தேர்வோடு வாதாட யாராலும் முடியாது.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, இந்த வலையின் உண்மையான நோய் மனிதரிடம் இருக்கிறது, கணிதம் அதைத் தீர்க்காது என்பது. இரண்டு பெயர்கள் ஒரே பொருளைச் சுட்டுகின்றன என்று சொல்லும் ‘சேம்ஆஸ்’ உறவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஓடபிள்யூஎல்-இல் கறாரான பொருள் இருந்தும், ‘ஏறத்தாழ ஒன்று’, ‘தொடர்புடையது’ என்ற அர்த்தங்களிலெல்லாம் அதைப் போட்டுவைக்கிறார்கள் என்பதை 2010-இல் ஹாரி ஹால்பினும் பேட்ரிக் ஹேய்ஸும் மற்றவர்களும் ஆராய்ந்து எழுதினார்கள். உண்மைதான். மதுரை என்ற நகரமும் மதுரை என்ற மாவட்டமும் ஒன்று என்று ஒருவர் எழுதிவிட்டால் எந்த இயற்கணிதமும் அதைத் தடுக்காது. ஆனால் நிரல்மொழிகளின் பொருள்வரையறை உலகத்தைப் பற்றி ஒருபோதும் வாக்குக் கொடுத்ததில்லை. வட்டியைத் தப்பாகக் கணக்கிடும் நிரலுக்கும் தெளிவான பொருள் உண்டு, தப்பு எங்கே என்று சுட்ட அந்தத் தெளிவுதான் உதவுகிறது. விடை கோணலாக வரும்போது தரவு தப்பா, வினவல் தப்பா, கருவி தப்பா என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் மனிதப் பிழையைத் திருத்தும் வேலையைத் தொடங்கலாம். மூன்றும் கலந்து கிடந்தால் தொடங்கவே முடியாது.

இரண்டாவது, சோதனைத் தொகுப்புகள் போதும், கிரேக்க எழுத்துகளை யார் படிக்கப்போகிறார்கள் என்பது. சோதனைத் தொகுப்பு அவசியம், ஆனால் ஒருவர் நினைத்துப் பார்த்த நிலைமைகளை மட்டுமே அது சோதிக்கும். இதற்கு மறுக்க முடியாத முன்னுதாரணம் இந்தத் தரநிலைகளை வெளியிடும் டபிள்யூ3சி வீட்டிலேயே இருக்கிறது. 2019 டிசம்பரில் பரிந்துரையான வெப்அசெம்பிளி, முறையான பொருள்வரையறையோடு சேர்ந்தே பிறந்த மொழி. ஒவ்வொரு கட்டளைக்கும் உரைநடை விளக்கமும் கணித விதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கேம்பிரிட்ஜின் கான்ராட் வாட் அந்த விதிகளை இசபெல் என்ற தேற்றச் சரிபார்ப்புக் கருவியில் ஏற்றிப் பார்த்தபோது, வரைவில் இருந்த பிழைகள் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டன. கணித விதியைப் படிக்காத நிரலாளர் உரைநடையைப் படித்துவிட்டுப் போகலாம், அவருக்கு எந்த இழப்பும் இல்லை. உரைநடையில் ஐயம் வந்தால் திரும்பிப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான் வேண்டும்.

மூன்றாவது, வலை வளர்ந்ததே தளர்ச்சியால்தான், எச்டிஎம்எல்-இல் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுத முடிந்ததால்தான் என்பது. எழுதுபவருக்கான தளர்ச்சியையும் படிக்கும் கருவிக்கான தளர்ச்சியையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் குழப்பம் இது. மூடப்படாத குறியையும் இடம் மாறிய அட்டவணையையும் ஒவ்வொரு உலாவியும் தன் போக்கில் புரிந்துகொண்ட காலத்தில் வலைப்பக்கம் செய்தவர்கள் பட்ட பாடு தெரிந்ததே. அதைத் தீர்க்க எச்டிஎம்எல்5, பிழையான பக்கத்தையும் சேர்த்து, எந்த எழுத்து வந்தால் அடுத்த நிலை என்ன என்று படிப்படியாக வரையறுத்தது. பிளாட்கினின் குறியீடுகள் அதில் இல்லாவிட்டாலும், சாரத்தில் அது செயல்வழிப் பொருள்வரையறையேதான். எழுதுபவரின் சுதந்திரம் குறையவில்லை, உலாவிகள்தான் ஒத்துப்போகத் தொடங்கின. பொருளுணர் வலையிலும் தரவு எழுதுபவர் தாராளமாக இருக்கட்டும். தரவைக் கையாளும் மொழியில் தாராளம் கூடாது.

இப்போதெல்லாம் நான்காவதாக ஒன்றும் சொல்லப்படுகிறது: வினவலை மொழி மாதிரிகளே எழுதித் தருகின்றனவே, இனி இதெல்லாம் எதற்கு? மாதிரி எழுதிய வினவலில் மேலே பார்த்த ஆப்ஷனல் இருந்தால், அது கேட்டவரின் கேள்விக்குப் பொருந்துகிறதா என்று எதை வைத்துச் சரிபார்ப்பீர்கள்? எழுதியது மனிதரல்ல என்னும்போது வினவலின் பொருள் முன்னைவிடக் கறாராக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய வேலை அல்ல. ஸ்பார்க்கிளின் 1.2 பதிப்புக்கான வேலையில் எக்சிஸ்ட்ஸ் பற்றிய விவாதத்தைப் பின்தொடருங்கள். தரநிலை வரைவுகள் பொதுவெளியில் இருக்கின்றன, கருத்துச் சொல்ல எவருக்கும் தடையில்லை. கல்லூரியில் இந்தப் பாடம் நடத்துபவர்கள், ஆர்டிஎஃப்-இன் மாதிரிக் கோட்பாட்டோடு நிறுத்திவிடாமல், பெரெஸ் குழுவின் இயற்கணிதத்தை ஒரு வாரமாவது நடத்துங்கள். கருவி செய்பவர்கள், தரநிலை வாய்மூடி நிற்கும் இடத்தில் உங்கள் கருவி என்ன செய்கிறது என்பதை நிலைப்புள்ளியின் பெயரோடு ஆவணத்தில் எழுதுங்கள். தரவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை: ஒன்றுக்கொன்று சான்று தரும் அந்த இரண்டு ஆவணங்களையும், தன்னையே குறிப்பிடும் அந்த ஒரு விதியையும் ஒரு கோப்பில் போட்டு, நீங்கள் பயன்படுத்தும் சரிபார்ப்புக் கருவியில் இன்றே ஓட்டிப் பாருங்கள். நம்பகம் என்கிறதா, இல்லை என்கிறதா, முடிவில்லாமல் சுற்றுகிறதா என்று குறித்துக்கொண்டு, அதே கோப்பை வேறு கருவி வைத்திருக்கும் ஒருவருக்கு அனுப்புங்கள். அவருக்கு என்ன விடை வந்தது என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு நிரலாளர்